எலியை விட்டோம், பொட்டை மறந்தோம்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "ஒரு ரசாயனம் தோலில் அலர்ஜி உண்டாக்குமா என்று பார்க்கிற வேலை" என்பேன். அடுத்த கேள்வி அநேகமாக இதுதான்: "எலிக்குப் பூசிப் பார்ப்பீங்களா?" எங்கள் ஆய்வகத்தில் எலியே கிடையாது என்றதும் சிலருக்கு நிம்மதி. சிலருக்குப் பெரிய சந்தேகம். சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் என் சித்தி இரண்டாவது கட்சி. "அப்போ எலிக்குப் பதிலா நாங்கதான் பூசிப் பார்க்கிறோமா?" என்று நேராகவே கேட்டார்.

நியாயமான கேள்வி. முயல் படம் போட்டு "விலங்குகளில் சோதிக்கப்படாதது" என்று அச்சடித்த டப்பாக்களை இப்போது ஆர்ச்சர்ட் ரோட்டிலும் பார்க்கலாம், தேக்காவிலும் பார்க்கலாம். அந்த வரி எதைச் செய்யவில்லை என்று சொல்கிறது. எதைச் செய்தார்கள் என்று சொல்வதில்லை. எலி போனதில் எனக்குக் கவலை இல்லை. என் கவலை வேறு ஓர் இடத்தில் இருக்கிறது. அதற்குப் போவதற்கு முன்னால் கொஞ்சம் அடிப்படை.

பச்சை மிளகாய் நறுக்கிய கை எரிவது அலர்ஜி இல்லை. யார் நறுக்கினாலும் எரியும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். அது எரிச்சல். அலர்ஜி வேறு. ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது. அதே ஹேர் டையை மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில் கூடப் போட்டுக்கொண்டிருப்போம். எப்போதோ ஒரு நாள் உடம்பு அதைப் பகையாகப் பதிந்துகொள்ளும். அதற்கப்புறம் கொஞ்சம் பட்டாலும் ஒன்றிரண்டு நாளில் அரிப்பு, தடிப்பு, நீர் கோத்த கொப்புளம். பதிந்ததை அழிக்க மருந்து கிடையாது. அந்தப் பொருள் படாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. எனவே யார் உடம்பிலும் அது பதியும் முன்பே, இந்தப் பொருள் ஆபத்து என்று சொல்லியாக வேண்டும்.

அதை வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தவை கினிப்பன்றிகள். ரத்த வகைகளைக் கண்டுபிடித்த லேண்ட்ஸ்டைனர், ஜேக்கப்ஸ் என்பவரோடு சேர்ந்து 1935இல் கினிப்பன்றிகளில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்: புரதத்தோடு வினை புரிந்து ஒட்டிக்கொள்ளக்கூடிய ரசாயனங்களே தோலில் அலர்ஜியையும் கிளப்புகின்றன. பிறகு 1965இல் பியூலர் முறை, 1969இல் மேக்னசனும் கிளிக்மனும் வகுத்த முறை. ரசாயனத்தைத் தோலில் பூசி (பின்னதில் ஊசியாலும் ஏற்றி), சில வாரம் கழித்து மறுபடி பூசி, தோல் சிவக்கிறதா என்று கண்ணால் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 2002இல் எலி முறை சர்வதேச வழிகாட்டியாக வந்தது. எலியின் காதில் மூன்று நாள் தடவி, ஆறாம் நாள் காதுக்குப் பக்கத்து நிணநீர்க் கணுக்களை எடுத்து, செல்கள் எவ்வளவு பெருகியிருக்கின்றன என்று கதிரியக்க அடையாளத்தை வைத்து அளப்பார்கள். பெருக்கம் மூன்று மடங்கானால் அலர்ஜிப் பொருள். ஓர் அளவுக்குக் குறைந்தது நான்கு எலி, குறைந்தது மூன்று அளவுகள், ஒப்பிடுவதற்குத் தனிக் கூட்டம். ஆக ஒரே ஒரு ரசாயனத்துக்கு இருபது எலி வரை போய்விடும்.

எலி சொன்னது எல்லாம் சரியா? இல்லை. ஷாம்பூவிலும் பற்பசையிலும் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட்டை எலி முறை அலர்ஜிப் பொருள் என்றது. மனிதத் தோலில் அது எரிச்சல் தரும், அவ்வளவுதான். அதைவிடச் சுவாரசியமானது நிக்கல். கவரிங் தோடு போட்டுக் காது புண்ணான கதை நம் வீடுகளில் எத்தனை! உலகத்திலேயே மிகப் பரவலான தோல் ஒவ்வாமைகளில் ஒன்று நிக்கல் ஒவ்வாமை. எலிச் சோதனையில் நிக்கல் உப்புகள் பிடிபடாமல் தப்பித்துவிடும். ஏன் என்பது 2010இல் தெரிந்தது. நம் செல்களின் மேல் டிஎல்ஆர்4 என்று ஓர் ஏற்பி இருக்கிறது. மனிதனின் ஏற்பியில் நிக்கல் வந்து உட்கார ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் தோதான இடங்களில் இருக்கிறது. எலியின் ஏற்பியில் அந்த இடங்களில் அது இல்லை. எத்தனை எலியின் காதில் தடவினாலும் இல்லாத இடத்தில் நிக்கல் உட்காராது.

ஆகவே எலியைக் கைவிட்டதை இரக்கத்தின் கணக்கில் மட்டும் எழுதக் கூடாது. சட்டமும் தள்ளியது: ஐரோப்பிய ஒன்றியம் 2013 மார்ச் 11 முதல் விலங்குகளில் சோதித்த அழகுப் பொருள்களை விற்கவே தடை போட்டது; இந்தியா 2014இல் அழகுப் பொருள் சோதனைக்கு விலங்குகளைத் தடை செய்தது. ஆனால் மாற்று வழி கையில் இல்லாமல் தடை மட்டும் போட்டிருந்தால் சித்தி சொன்னதுதான் நடந்திருக்கும்.

மாற்று வழி 1935இன் அந்தக் கவனிப்பிலிருந்தே கிளம்பியது. அலர்ஜி ஒரே அடியில் வருவதில்லை, படிப்படியாக வருகிறது. ரசாயனம் தோலுக்குள் போய்ப் புரதத்தில் ஒட்டுகிறது. மேல்தோல் செல்கள் அபாயம் என்று உணர்கின்றன. காவலுக்கு நிற்கும் டென்ட்ரைட்டிக் செல்கள் விழித்துக்கொண்டு செய்தியை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோகின்றன. அங்கே டி-செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் பெருகி நினைவில் வைத்துக்கொள்கின்றன. ஓஇசிடி என்ற பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி நாடுகளின் அமைப்பு இந்தப் பாதையை 2012இல் தெளிவாக எழுதி வைத்தது. எலி முறை கடைசிப் படியை மட்டும் அளந்தது. நாங்கள் முதல் மூன்று படிகளைத் தனித்தனியாக அளக்கிறோம்.

முதல் படிக்கான சோதனைக்கு டிபிஆர்ஏ என்று பெயர். எனக்குப் பிடித்தது இதுதான், செல் கூட வேண்டாம். ஏழு அமினோ அமிலங்கள் கோத்த இரண்டு செயற்கைப் புரதத் துண்டுகள்; ஒன்றில் சிஸ்டைன், மற்றதில் லைசின். அவைதான் தூண்டிலில் மாட்டிய புழு. சின்னக் கண்ணாடிக் குப்பியில் சோதிக்க வேண்டிய ரசாயனத்தோடு கலந்து, 25 டிகிரியில், வெளிச்சம் படாமல், 24 மணி நேரம் வைக்க வேண்டும். மறுநாள், கலவையைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவியில் ஏற்றினால் எவ்வளவு புரதத் துண்டு மிச்சம் இருக்கிறது என்று திரையில் ஒரு முகடாக வரும். முகடு குறைந்திருந்தால் ரசாயனம் அதைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். இரண்டு துண்டிலும் சராசரி இழப்பு 6.38 சதவீதத்தைத் தாண்டினால் 'ஆம்'. சோதனை ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் கூடவே சின்னமால்டிஹைடு வைப்போம், அதாவது லவங்கப்பட்டைக்கு வாசனை தருகிற சரக்கு. அந்தக் குப்பியைத் திறந்தால் மேசையைச் சுற்றிப் பிரியாணிக் கடை வாசனை. அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டைச் சீக்கிரமாகவே முடித்துவிடத் தோன்றும். சிஸ்டைன் துண்டு கொஞ்சம் அடம் பிடிக்கும். காத்திருக்க வைத்தால் ரசாயனமே இல்லாவிட்டாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு முகடு தானாகக் குறைந்துவிடும். கரைசலை அன்றன்றைக்குத்தான் தயாரிக்க வேண்டும்.

இரண்டாம் படிக்கு மேல்தோல் செல்கள். மனிதத் தோல் செல் வரிசை ஒன்றில் மின்மினிப் பூச்சியின் ஒளிதரும் மரபணுவைச் சேர்த்திருக்கிறார்கள். செல் அபாயத்தை உணர்ந்தால் வெளிச்சம் கூடும். ஒன்றரை மடங்கைத் தாண்டினால் கணக்கில் வரும். மூன்றாம் படிக்கு ஹெச்-கிளாட் என்ற சோதனை, ஜப்பானின் காவோ, ஷிசெய்டோ நிறுவனங்கள் உருவாக்கியது. வெள்ளணுப் புற்றுநோய் வந்த ஒரு குழந்தையின் ரத்தத்திலிருந்து வளர்த்த செல் வரிசை இதில் டென்ட்ரைட்டிக் செல்லின் வேடத்தில் நடிக்கிறது. சிடி86, சிடி54 என்ற இரண்டு அடையாளங்கள் செல்லின் மேல் கூடுகின்றனவா என்று எண்ணுகிறோம்.

மூன்றில் எதுவும் தனியாகத் தீர்ப்பு சொல்லப் போதாது. 2021 ஜூனில் ஓஇசிடி 497ஆம் வழிகாட்டியை வெளியிட்டது. அதில் ஒரு வழி 'மூன்றுக்கு இரண்டு': இரண்டு சோதனை ஒத்துப்போனால் அதுவே முடிவு, ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவதைச் செய்து பார். பழைய மனிதத் தரவுகளோடு ஒப்பிட்டபோது இது எலி முறைக்குச் சளைத்ததாக இல்லை. சிங்கப்பூர் ஓஇசிடி உறுப்பு நாடு இல்லை. ஆனால் 2010 முதல் தரவுகளைப் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டில் முழுமையாகச் சேர்ந்திருக்கிறது. உரிய தர விதிகளின்படி இங்கே ஓட்டிய சோதனையை ஐரோப்பாவில் திரும்ப ஓட்டத் தேவையில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஊரில் சோறு போடுவது இந்த ஒரு ஏற்பாடுதான் என்று சொன்னால் மிகையில்லை.

முயல் படம் போடுகிறவர்கள் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் செல்களை வளர்க்கும் திரவத்தில் பசுவின் வயிற்றில் இருக்கும் கன்றின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் கலந்திருக்கிறது. சிடி86ஐக் கண்டுபிடிக்கும் எதிர்ப்பொருள் எலியிலிருந்து வந்தது. புது முறைகள் சரியா என்று உரசிப் பார்த்ததிலும் பெரும்பங்கு பழைய எலித் தரவுதான். எலி வாசலைத் தாண்டிவிட்டது, வால் இன்னும் உள்ளே இருக்கிறது. சீரம் இல்லாத வழிகளைத் தேடுகிறார்கள், அது தனிக் கதை.

எந்தப் பொருளில் இந்த முறைகள் தடுமாறுகின்றன? உலோகங்களில் டிபிஆர்ஏ செல்லாது, ஏனென்றால் அவை புரதத்தைப் பிடிக்கும் விதமே வேறு. இந்த ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. ஈர சிமெண்டில் இருக்கும் குரோமேட் கட்டுமானத் தொழிலாளர்களின் கைகளை என்ன செய்கிறது என்று சிங்கப்பூர்த் தோல் மருத்துவர்கள் 1980களிலேயே எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் சிமெண்டில் இருக்கக்கூடிய கரையும் குரோமியம்-6க்கு 2005 முதல் பத்து லட்சத்தில் 2 பங்கு என்று உச்சவரம்பு உண்டு.

அடுத்தது நம்ம ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் மூலிகைப் பொடி. டிபிஆர்ஏவில் ஒரு பங்கு சிஸ்டைன் துண்டுக்குப் பத்துப் பங்கு ரசாயனம் என்று மூலக்கூறு எண்ணிக்கைப்படி கலக்க வேண்டும். ஒன்பது இலை, மூன்று வேர் அரைத்த பொடியில் எது எத்தனை மூலக்கூறு என்று யார் சொல்வது? எடைக் கணக்கில் செய்ய வழி உண்டு, ஆனால் 'இல்லை' என்று பதில் வந்தால் தூக்கம் வராது. மஞ்சள் இன்னும் மோசம். ஹெச்-கிளாட்டில் செல்லின் மேல் பச்சையாக ஒளிரும் சாயத்தைத்தான் கருவி எண்ணுகிறது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினும் பச்சையாகவே ஒளிரும். எது செல்லின் பதில், எது மஞ்சளின் குறும்பு என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இயற்கைப் பொருள் என்பதால் சோதனை சுலபமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் எங்களோடு உட்கார்ந்து பார்க்கலாம். இன்னொன்று: கறுப்பு மருதாணி என்று விற்பதை மருதாணி என்றே நினைக்காதீர்கள். அதில் கலப்பது ஹேர் டையில் இருக்கும் பிபிடி என்ற சாய ரசாயனம். ஐரோப்பிய விதிப்படி நேராகத் தோலில் தீட்ட அனுமதி இல்லாத சரக்கு அது. சிவக்கிற மருதாணி போதும்.

சரி, என் கவலைக்கு வருகிறேன். மூன்று சோதனையும் சேர்ந்து சொல்வது, இந்தப் பொருளுக்கு அலர்ஜி உண்டாக்கும் குணம் இருக்கிறதா என்பதை. அந்தக் குணம் யாரைத் தாக்கும் என்பது எவ்வளவு பூசுகிறோம், எங்கே, எத்தனை நேரம் என்பதைப் பொறுத்தது. மெத்தில் ஐசோதயசோலினோன் கதையைப் பாருங்கள். கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள். அலர்ஜி உண்டாக்கும் என்று தெரியும், எலியும் சொல்லியிருந்தது. இருந்தாலும் 2005இல் ஐரோப்பா அதைத் தனியாகப் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை அழகுப் பொருள்களில் சேர்க்க விட்டது. ஈரத் துடைப்பான், கிரீம் என்று எல்லாவற்றிலும் ஏறியது. சில வருடங்களில் தோல் மருத்துவமனைகளில் வரிசை. 2013இல் அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் அதை 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. 2017இல் பூசிவிட்டு அப்படியே விடும் பொருள்களில் ஐரோப்பா தடை செய்தது. கழுவிவிடும் பொருள்களில் அந்த 100 பங்கை 2018இல் 15ஆகக் குறைத்தது. அங்கே தவறியது எலியும் இல்லை, குப்பியும் இல்லை. மக்கள் தோலில் எவ்வளவு ஏறும் என்ற கணக்கு தவறியது.

அந்தக் கணக்குக்கு நாங்கள் எடுப்பது ஐரோப்பிய அறிவியல் குழுவின் அட்டவணை. உடம்பு லோஷன் நாளுக்கு 7.82 கிராம், முகக் கிரீம் 1.54 கிராம், ஷாம்பூ 10.46 கிராம் என்று துல்லியமாக இருக்கும். ஐரோப்பியர்களிடம் எடுத்த கணக்கு. அதில் பொட்டுக்கு ஒரு வரி கிடையாது. குங்குமத்துக்கும் கிடையாது, ராத்திரி தலையில் ஊற வைக்கிற எண்ணெய்க்கும் கிடையாது.

பொட்டு என்ன பெரிய விஷயம், இத்தனூண்டு என்பீர்கள். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். அலர்ஜி பதிவதற்கு மொத்தம் எத்தனை கிராம் என்பதை விட, ஒரு சதுர சென்டிமீட்டரில் எவ்வளவு என்பதே முக்கியம். 1980களில் பிரிட்டனில் மனிதர்களிடமே செய்த ஆய்வுகளில் இது தெரிந்தது. 7.82 கிராம் லோஷனை உடம்பு முழுக்க, சுமார் 15,670 சதுர சென்டிமீட்டரில் பரப்பினால் சதுர சென்டிமீட்டருக்கு அரை மில்லிகிராம்தான் வரும். ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டிக்கர் பொட்டின் பரப்பு 0.79 சதுர சென்டிமீட்டர். பசை வெறும் 2 மில்லிகிராம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு இரண்டரை மில்லிகிராம். லோஷனைப் போல ஐந்து மடங்கு! அதுவும் தினமும் அதே இடத்தில், மேலே மூடி, இந்த ஊர் வியர்வையில்.

இது கற்பனைப் பயம் இல்லை. குங்குமம் வைத்த நெற்றி கறுத்துப்போவது பற்றிச் சிங்கப்பூர்த் தோல் மருத்துவர் ஒருவர் ஜப்பானிய மருத்துவரோடு சேர்ந்து 1986இலேயே எழுதியிருக்கிறார். சில பொட்டுகளின் பசையில் இருந்த பாரா-டெர்ஷரி-பியூட்டைல் ஃபீனால் நெற்றியில் வெள்ளைத் தழும்பு விட்டதை இந்தியத் தோல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த வெளுப்புக்கு அலர்ஜி மட்டும் காரணம் இல்லை, அந்த ரசாயனம் நிறமிச் செல்களையே கொல்கிறது. எங்கள் மூன்று சோதனையும் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

இங்கே ஓர் அழகுப் பொருளை விற்க வேண்டுமானால், ஆசியான் ஏற்பாட்டின்படி நிறுவனம் சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு முன்கூட்டி அறிவிக்க வேண்டும். பாதுகாப்புக்குப் பொறுப்பு அந்த நிறுவனத்தினுடையது. அப்படியும் தப்பி வருவதைப் பிடிப்பது தோல் மருத்துவமனையின் பேட்ச் டெஸ்ட். முதுகில் சின்ன அலுமினியக் கிண்ணங்களை வரிசையாக ஒட்டி, பேனாவால் கோடு போட்டு, 48 மணி நேரம் முதுகை நனைக்காதே என்பார்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அதைத் தாங்கியவர்களுக்கு என் வணக்கம். போகிறவர்கள் வீட்டில் இருக்கும் குங்குமம், பொட்டு அட்டை, ஹேர் டைப் பெட்டி எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள், பொட்டைப் பற்றிக் கேட்க அவருக்குத் தோன்றாமலே போகலாம்.

போன மாதம் பொட்டுப் பசை ஒன்றின் ஆவணம் என் மேசைக்கு வந்தது. கணக்குப் போடும் சீன சக ஊழியர் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். பரப்பு எழுதியாயிற்று. நாளுக்கு எத்தனை மணி நேரம்? குளிக்கிற நேரம், தூங்குகிற நேரம் தவிர என்றேன். பதினாறு என்று போட்டார். "ஒரு தடவை ஒட்டிவிட்டுத் தூக்கிப் போடுவதுதானே?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தி வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில் எப்போதும் ஏழெட்டு ஒட்டியிருக்கும், காலையில் அதிலிருந்தே ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வார் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து 'மறுபயன்பாடு: ஆம்' என்று ஒரு புதுக் கட்டம் சேர்த்தார். வெள்ளிக்கிழமையில் அதற்கு மேலேயே கொஞ்சம் குங்குமமும் வைப்பார்கள் என்றேன்.

"ஒரே இடத்திலா?" என்று கேட்டுவிட்டு, அட்டவணையில் இன்னொரு வரியைச் செருகினார்.